தேயிலைக்காட்டு உழைப்பை மரத்தில் செதுக்குவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்கிற பிள்ளைகளில் வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நோட்டின் பின்பக்கத்தில் நடிகர் முகம் இருக்கும், மலைக்கு நடுவே சூரியன் இருக்கும், யானை இருக்கும். காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓடுகிற அம்மா மட்டும் இருக்க மாட்டார். அந்த அம்மாவை வரைய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலகையில் படத்தைச் செதுக்கி, மை பூசி, தாளில் அச்செடுக்கிற மரச்செதுக்கு முறை இது. உளியைக் கையில் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. பிரஸ் எந்திரம் தேவையில்லை, கல்லூரிப் படிப்பு தேவையில்லை. ஒரு பலகை, நாலு உளி, கறுப்பு மை, ஒரு கரண்டி இருந்தால் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. கஷ்டத்தைக் காட்ட நினைப்பவர்கள் உடனே கண்ணீரை வரையப் போகிறார்கள். வேண்டாம். வேலையை வரையுங்கள். வளைந்த முதுகு, மூட்டை அழுத்துகிற கழுத்து, கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்த மணிக்கட்டு, மழையில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் படங்கு, இவை சரியாக வந்துவிட்டால் பார்ப்பவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. இவை தப்பாக இருந்தால், முகத்தில் எத்தனை கண்ணீர் விட்டாலும் லயத்தில் ஒருவரும் அந்தப் படத்தை நம்ப மாட்டார்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது

உளி வாங்கும் முன் ஒரு வாரம் படங்களைப் பாருங்கள். போனில் தேடினாலே கிடைக்கும்.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸிடமிருந்து தொடங்கலாம். 1867 இல் பிறந்தவர். கணவர் பெர்லினில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். அங்கே வைத்தியத்துக்கு வந்த பெண்கள்தான் இவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நெடுங்காலம் செப்புத்தகட்டிலும் கல்லிலும் அச்சுப்படம் செய்தவர், 1920 இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு வந்தார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1914 இல் போர் தொடங்கிய சில மாதங்களில் இளைய மகன் பீட்டர் களத்தில் இறந்துபோனான். அந்தத் துக்கத்தைத் தாங்கி ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குகள் செய்தார், 1923 இல் வெளிவந்தன. அதில் ‘பெற்றோர்’ என்ற படத்தை மட்டும் நீண்ட நேரம் பாருங்கள். மண்டியிட்ட இருவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்புத் திரளாகிக் கிடப்பார்கள். தந்தையின் முகத்தைக் கை மறைத்திருக்கும், தாயின் தலை கவிழ்ந்திருக்கும். முகத்தைக் காட்டாமலே அத்தனையும் சொல்லியிருக்கிறார். 1925 இல் ‘பாட்டாளி வர்க்கம்’ என்று மூன்று படங்கள் செய்தார்: வேலையற்றவர்கள், பசி, குழந்தைச் சாவு. வெள்ளையை எவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறார் என்று அவற்றில் கவனியுங்கள்.

அப்புறம் வங்காளத்துக்கு வாருங்கள். 1943 பஞ்சத்தின்போது ஓவியர் சித்தப்பிரசாத் மிதினாப்பூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போய், பசியில் கிடந்தவர்களை மையில் வரைந்தார். அந்த வரைபடங்கள் அடங்கிய நூலின் பிரதிகளை ஆங்கிலேய அரசு கைப்பற்றி அழித்தது. பிற்பாடு பம்பாயில் இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கிய வரிசையும் அவருடையதுதான். அவரோடு பழகி வளர்ந்த சோம்நாத் ஹோர் 1946 இல் தேபாகா விவசாயிகளின் போராட்டத்தை நேரில் இருந்து வரைந்தார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு பயிரிட்டவனுக்கு என்று கேட்ட போராட்டம் அது. அடுத்த ஆண்டு வட வங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு இருந்து வரைந்தார், குறிப்பும் எழுதினார். மூணாற்றில் உளி பிடிக்கப் போகிறவர்களுக்கு இவர்தான் நேரான மூத்தவர் என்பேன். தேயிலைக்காட்டு வேலையை அருகில் போய்ப் பார்த்து வரைந்தவர்.

சீனாவையும் ஒரு பார்வை பாருங்கள். 1931 ஆகஸ்டில் எழுத்தாளர் லூ சுன் ஷாங்காயில் இளைஞர்களுக்காக ஒரு சிறிய மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். பாடம் எடுத்தவர் ஜப்பானியர், அதைச் சீனத்தில் மொழிபெயர்த்துச் சொன்னது லூ சுன்னே. அந்தச் சில நாள் வகுப்பிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பியது. 1935 இல் லீ ஹுவா செய்த ‘கர்ஜி, சீனாவே’ என்ற படத்தில் கண் கட்டி, கம்பத்தோடு கயிற்றால் பிணைத்த ஓர் உடல் திமிறிக்கொண்டிருக்கும். அந்த விரல்களைப் பாருங்கள்.

பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோல்விட்ஸின் பெண்கள் பெர்லின் பெண்கள். அவர்கள் சால்வை விழுகிற விதம் வேறு, நம் அம்மாக்கள் மழைக்குத் தலையில் போடும் கொங்காணி விழுகிற விதம் வேறு. அவருடைய சோகமான முகத்தை எடுத்து மூணாறு பக்கத்து ராஜமலையில் நிறுத்தினால் அது யாருடைய முகமாகவும் இருக்காது.

எதை வரைவது

ஒரு படத்துக்கு ஒரு வேலை, அந்த வேலையில் ஒரு நொடி போதும். ‘தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை’ என்று மொத்தத்தையும் முதல் பலகையில் கொண்டுவரப் பார்க்காதீர்கள்.

எந்த நொடி என்று தெரிய, கையில் நோட்டோடு போய் உட்கார வேண்டும். போட்டோ எடுத்து வந்து வரையலாம்தான். ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது என்பது போட்டோவில் தெரியாது. கொழுந்தெடுக்கும் பெண் செடிகளுக்கு நடுவே நிற்கும்போது இடுப்புக்குக் கீழே எல்லாம் மறைந்துபோகும், மேல் உடம்பு மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். அதனால் காட்டுக்குள் நிற்பவரை வரைந்தால் தோள், கை, கழுத்து, கத்தரி இவற்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கால்களைக் காட்ட வேண்டுமென்றால் எடை போடும் இடத்துக்கு மூட்டையைத் தலையில் தூக்கி வரும் நேரத்தைப் பிடியுங்கள். சரிவில் இறங்கும்போது பெருவிரல் செருப்பை அழுத்தும், முழங்கால் முழுசாக நீளாது, கழுத்து நரம்பு புடைக்கும். இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வந்தாலே பாதிப் படம் முடிந்தது.

விரல்களை விட்டுவிடாதீர்கள். பச்சைக் கொழுந்தின் சாறு பட்டுப் பட்டு விரல் கறுத்துவிடும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. வெடிப்புகளில் அந்தக் கறை இறங்கி ஒவ்வொரு கோடாகத் தெரியும். மரச்செதுக்குக்கென்றே அமைந்த கை அது.

காலங்களையும் கவனியுங்கள். ஜூன் மழையில் எல்லோரும் பிளாஸ்டிக்குக்குள் இருப்பார்கள், உருவம் கூம்பு கூம்பாகத் தெரியும், அட்டை காலில் ஏறும். ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகிக் கிடக்கும், ஆட்கள் கம்பளியும் மப்ளருமாக வருவார்கள். காடு ஒன்றுதான், ஆனால் வேலை செய்கிற உடம்பு மழைக்கு ஒரு விதமாகவும் குளிருக்கு ஒரு விதமாகவும் நிற்கும்.

வரையும் முன் கேளுங்கள். “அக்கா, நீங்க மூட்டை தூக்குறதைப் படம் போடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முகம் அடையாளம் தெரியாமல் வரையச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் எடுக்கும் கொழுந்தின் எடை குறையும், கங்காணியிடம் பேச்சு வாங்குவதும் அவர்கள்தான். அதனால் சாப்பாட்டு நேரத்திலோ சாயங்காலம் லயத்துக்கே போயோ பேசுங்கள்.

கஷ்டம் என்றால் குனிந்த தலை மட்டும் என்று நினைத்துவிடவும் கூடாது. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை நிறைத்து உட்கார்ந்த பெண்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும், 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள். சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். போனஸ் கிடைத்தது, கூலி பிறகு 301 ரூபாய் ஆனது. அந்தக் கூட்டத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதுகு கூட நல்ல படமாகும்.

முதலில் கறுப்பு

பென்சிலில் கோடு கோடாக வரைந்து அதைப் பலகைக்கு மாற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்படிச் செய்தால் செதுக்கி முடித்ததும் கோட்டோவியம் மாதிரி மெலிந்து நிற்கும். பலகை முழுக்க மை பூசினால் முழுக் கறுப்பாகத்தான் அச்சாகும், நீங்கள் எடுத்து வீசும் மரம்தான் வெள்ளை. எனவே கறுப்பிலிருந்து வெளிச்சத்தை வெளியே எடுக்கப் பழக வேண்டும்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. கறுப்புச் சார்ட் அட்டை, வெள்ளைச் சாக்பீஸ், இவை இரண்டும் போதும். வெளிச்சம் படும் இடத்தை மட்டும் சாக்பீஸால் தொடுங்கள். நெற்றி, மூக்கின் ஒரு பக்கம், தோளின் மேல் விளிம்பு, மூட்டையின் மடிப்பு, அவ்வளவுதான். கண்ணைக் குழியாகக் கறுப்பிலேயே விட்டுவிடலாம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். விடிகாலையில் லயத்து வாசலில் எரியும் ஒற்றை பல்பு இதற்கு அருமையான வெளிச்சம். இப்படிப் பல அட்டைகள் போட்டுப் பாருங்கள். தூரத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தால் எந்த உருவம் நிற்கிறது, எது கலங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அச்சில் இடம் வலமாகும் என்பதை மறக்காதீர்கள். வலக்கையில் கத்தரி பிடித்தவர் படத்தில் இடக்கைக்காரராக வருவார். “கூலி” என்று செதுக்கினால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றிப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். வழி எளிது. படத்தை மெல்லிய தாளில் எடுத்து, தாளைப் புரட்டி, கார்பன் தாளை அடியில் வைத்துப் பலகையில் அழுத்தி வரையுங்கள்.

பலகை

தேக்கும் ஈட்டியும் வேண்டாம். விலையும் கூடுதல், புதுக் கைக்கு இறுக்கமும் கூடுதல். குமிழ் மரம் கிடைத்தால் முதல் தேர்வு அதுதான், உளிக்கு இதமாக வெட்டுப்படும். ஏழிலைப்பாலை இன்னும் லேசு, ஆனால் நுணுக்கமான கோடு நிற்காது. மாம்பலகை மலிவு, நார் சில இடத்தில் குறுக்கே திரும்பும், பொறுமை வேண்டும். பலா நன்றாக இருக்கும், வைரம் பாய்ந்த பகுதி கொஞ்சம் கடினம். ரப்பர் மரம் ஒரே சீராக இருக்கும், நல்ல கோடு பிடிக்கும், பதப்படுத்தாத பலகையில் மட்டும் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் வந்துவிடும்.

தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தையும் மரப்பட்டறையில் துண்டாக வாங்கலாம். அறுத்த வாக்கைப் பொறுத்துப் பலகையில் மீன் செதில் மாதிரி ரேகைகள் ஓடும், பின்னணியில் அந்த ரேகை அச்சில் ஏறினால் மூடுபனி வந்த மாதிரி இருக்கும். தேயிலைக்குக் குடை பிடித்த மரத்திலேயே தேயிலைக்காரரைச் செதுக்குவதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. நிற்கிற மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது தோட்டத்துச் சொத்து.

இது எதுவும் கிடைக்கவில்லையா, பிளைவுட் எடுங்கள். பெரும்பாவூர் ஆலைகளிலிருந்து வருவது இந்தப் பக்கம் எல்லாக் கடையிலும் இருக்கும். மேல் அடுக்கு சில்லுச் சில்லாகப் பெயரலாம், அதனால் கத்தியால் ஓரத்தைக் கீறிவிட்டுப் பிறகு உளி போடுங்கள்.

அளவு அகலம் 20 செ.மீ., நீளம் 25 செ.மீ. இருந்தால் போதும். கெட்டிப் பலகை என்றால் 2 செ.மீ. கனம். ஆசாரியிடம் கொடுத்து இழைத்து வாங்குங்கள். கணு இருந்தால் அது படத்தில் எங்கே விழும் என்று பாருங்கள், முகத்தில் விழக் கூடாது. உப்புத்தாளால் நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு தண்ணீர் கலந்த கறுப்பு மையை மெலிதாகப் பூசிக் காயவிடுங்கள். இனி செதுக்கும் ஒவ்வொரு வெட்டும் வெளிறித் தெரியும், அச்சு எப்படி வரும் என்று செதுக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். இந்த ஒரு வேலையைப் பலர் தவிர்த்துவிட்டுப் பாதியில் குழம்புகிறார்கள்.

உளியும் கையும்

நான்கு போதும். கூர்மையான ஒரு கத்தி, ‘வி’ வாய் உளி ஒன்று, சின்ன ‘யூ’ வாய் உளி ஒன்று, பெரியது ஒன்று. இருபது உளி கொண்ட மலிவுப் பெட்டி வாங்குவதை விட நல்ல நான்கு மேல். சாணைக்கல்லும் ஒரு பழைய தோல் பெல்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் தோலில் இழுத்துவிடுங்கள். மழுங்கிய உளிதான் ஆபத்து, கூரான உளி நினைத்த இடத்தில் நிற்கும், மழுங்கியதோ வழுக்கி எகிறும்.

இரண்டு கையும் எப்போதும் உளி வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். இடக்கையால் பலகையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அதை நோக்கித் தள்ளுவது கூடவே கூடாது. மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு தடுப்புக் கட்டையை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். கீழே ஒரு சட்டம் மேசையைக் கவ்வும், மேலே ஒரு சட்டம் பலகையைத் தாங்கும். பலகை நகராது. வளைவு வரும்போது உளியைத் திருப்புவதை விடப் பலகையைத் திருப்புங்கள்.

வெட்டு எப்போதும் கோட்டிலிருந்து விலகிச் சாய வேண்டும். நிற்கப் போகும் கறுப்புக் கோட்டின் அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருந்தால் அழுத்தம் தாங்கும். அடியைக் குடைந்துவிட்டால் சில அச்சுக்குப் பிறகு கோடு உடைந்துவிடும். ஆழம் 2 மி.மீ. இருந்தால் போதும். பெரிய வெள்ளைப் பரப்பை மட்டும் இன்னும் ஆழமாக எடுங்கள், இல்லையென்றால் ரோலர் உள்ளே இறங்கி மை தடவிவிடும். நாரின் போக்கில் உளி வேகமாக ஓடும், சில சமயம் பிளந்துகொண்டு போய்விடும். குறுக்கே போனால் மெதுவாகப் போகும், ஆனால் சொன்னபடி கேட்கும். முகத்தருகே குறுக்கு வெட்டே நல்லது.

எந்த வெட்டு எதைச் சொல்லும்

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். ஒரு கழிவுப் பலகையை எடுத்து, ஒவ்வொரு உளிக்கும் ஒரு கட்டம் பிரித்து, வெட்டிப் பாருங்கள்.

மழையைக் கத்தியாலோ ‘வி’ உளியாலோ சாய்வாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். எல்லாக் கோடும் ஒரே நீளம், ஒரே இடைவெளி என்றால் அது மழையாக இருக்காது, வேலியாகிவிடும். சில கோடுகள் உருவத்தின் மேலேயே குறுக்கே ஓடட்டும், அப்போதுதான் அந்தப் பெண் மழைக்கு உள்ளே இருப்பாள். உருவத்தைச் சுற்றி மட்டும் மழையைப் போட்டால் மழைப் படத்தின் முன்னால் ஒட்டவைத்த பொம்மை போல நிற்பாள்.

பிளாஸ்டிக் படங்கின் மடிப்பு விளிம்பு கூரானது. கறுப்புக்கு நடுவே பளிச்சென்று கோணலான வெள்ளைத் துண்டுகளாக எடுங்கள். கம்பளிக்கு நேர் எதிர். சின்ன ‘யூ’ உளியால் குட்டைக் குட்டையாகக் கொத்துங்கள், ஓரம் மங்கலாக வரட்டும். சாக்குத் துணிக்கு இரண்டு திசையில் மெல்லிய கீறல் போதும்.

தேயிலைச் செடிப் பரப்பு எல்லோரையும் ஏமாற்றும். இலை இலையாகச் செதுக்கப் போனால் ஒரு மாதம் ஓடும், படமும் பொறிபொறியாகக் கலங்கிவிடும். செடிகளுக்கு இடையே ஓடும் சந்துகளை முதலில் வெள்ளையாக எடுங்கள். செடியைக் கறுப்பாக விட்டு, மேல்பரப்பில் மட்டும் புதுக் கொழுந்துக்கு அங்கங்கே ஒரு கொத்து. தூரம் போகப் போகக் கொத்து சிறுத்து, கடைசியில் கோடாகி, மலையோடு சேர்ந்துவிடும்.

கைக்கு வாருங்கள். விரல்களைக் கறுப்பாக விட்டு, மூட்டு வெடிப்புகளை மட்டும் கத்தி முனையால் வெள்ளைக் கோடாகக் கீறுங்கள். நிஜத்தில் வெடிப்பு கறுப்பு, தோல் வெளிறல். அச்சில் அது மாறி வருவதால் ஒன்றும் கெட்டுவிடாது, கண்ணுக்கு வெடிப்பு என்றே படும். உடம்பை விடக் கையைக் கொஞ்சம் பெரிதாகவும் வரையலாம். கோல்விட்ஸின் படங்களில் கைகள் எவ்வளவு பெரியவை என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.

முகத்துக்குக் குறைந்த வெட்டு. ஒரு நெற்றிச் சுருக்கம், கன்னத்து எலும்பின் மேல் ஒரு சீவல், உதட்டின் கீழ் ஒரு நிழல். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு தள்ளி நின்று பாருங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது, சந்தேகம் வந்தால் உளியைக் கீழே வையுங்கள்.

வெள்ளைப் பரப்புகளில் உளி ஓடிய முகடுகள் மிச்சமிருந்தால் அங்கங்கே மை பிடித்துச் சிறு கோடுகளாக அச்சாகும். எல்லாவற்றையும் வழித்துத் துடைக்காதீர்கள். அந்தக் கோடுகள் உருவத்தை நோக்கிப் போனால் காற்றே அழுத்துவது போலத் தோன்றும். எந்தத் திசையில் வெள்ளைப் பரப்பை வழிக்கிறோம் என்பதையும் முன்னமே யோசித்துச் செய்யுங்கள்.

மையும் அச்சும்

கறுப்பு ஆஃப்செட் மை ஏதாவது அச்சகத்தில் கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். கண்ணாடித் துண்டு ஒன்று, கெட்டி ரப்பர் ரோலர் ஒன்று. மூணாற்றுக் காலைக் குளிரில் மை இறுகி இழுக்கும், கத்தியால் நன்றாகப் பிசைந்து, வேண்டுமானால் இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விடுங்கள். கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி ரோலரை உருட்டினால் சரசரவென்று ஒரே சீரான சத்தம் வர வேண்டும். சப்பு சப்பென்று ஒட்டினால் மை அதிகம். பலகையில் மெல்லிய பூச்சாகப் பல முறை, வேறு வேறு திசையில் உருட்டுங்கள். ஒரே தடவையில் தடியாகப் பூசினால் நுணுக்கமான வெட்டெல்லாம் அடைத்துவிடும்.

முதல் அச்சுகளைச் செய்தித்தாள் காகிதத்தில் எடுங்கள். தாளைப் பலகை மேல் படிய வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். தாள் கிழியாமலிருக்க மேலே ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மங்கலான இடத்தை மறுபடி தேய்க்கலாம், மற்ற மூலை நகரக் கூடாது. எங்கே கறுப்பு அதிகம், எங்கே வெள்ளை கத்துகிறது என்று முதல் அச்சு சொல்லும். பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செதுக்குங்கள், திரும்ப அச்செடுங்கள். திருப்தியான பிறகு நல்ல தாளுக்குப் போகலாம். புதுச்சேரிக் கைக்காகிதத்தில் மெல்லிய ரகம் இதற்கு நன்றாக இருக்கும். தடித்த தாளைக் கரண்டியால் அச்செடுப்பது சிரமம்.

கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் சில நாளில் காயும். ஜூன், ஜூலையில் காயவே காயாது என்று தோன்றும், அடுப்படிச் சுவர்ப் பக்கம் தொங்கவிட்டுப் பொறுமையாக இருங்கள். காயாத தாளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாம் போச்சு.

கண்ணாடியையும் ரோலரையும் முதலில் சமையல் எண்ணெயும் துணியும் கொண்டு துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மண்ணெண்ணெய் வேகமாகத் துடைக்கும், ஆனால் சின்ன லயத்து அறையில் அந்த வாடை யாருக்கும் நல்லதில்லை, அடுப்பும் பக்கத்தில்தான் இருக்கும்.

அச்சு யாருக்கு

ஒரே பலகையில் நூறு பிரதி எடுக்கலாம் என்பதால்தான் கோல்விட்ஸும் சித்தப்பிரசாத்தும் லூ சுன்னின் மாணவர்களும் இந்த முறையை விரும்பினார்கள். எண்ணெய் ஓவியம் ஒரு வீட்டுச் சுவரில் நின்றுவிடும். இது போக வேண்டிய இடமெல்லாம் போகும். அதனால் முதல் நல்ல அச்சு, படத்தில் இருப்பவருக்கு. எண் போட்டு, பென்சிலில் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுங்கள். அவர் பார்த்துவிட்டுக் “கத்தரியை இப்படிப் பிடிக்க மாட்டோமே” என்று சொன்னால் அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது. அடுத்த பலகையில் திருத்துங்கள். பிறகு வாசகசாலை, சங்க அலுவலகம், பள்ளிக்கூடம், டீக்கடைச் சுவர். விற்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு யாருக்கு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், புதிதாக வருபவர்கள் கட்டாயம் அந்த விஷயத்துக்கு வந்து சேருவார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்கள் புதைந்தன, 70 பேர் போனார்கள். பிள்ளைகளை இழந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். சேற்றிலிருந்து எடுத்த உடல்களை வரையாதீர்கள். அந்தப் படம் அவர்கள் வீட்டுக்குள் போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரையவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒற்றை அறை, சரிவின் கீழே வரிசையாக ஒட்டிய கூரைகள், மேலே மலை, அதை அப்படியே ஒரு மழை மாலையில் செதுக்கலாம். ஏன் அங்கே அந்த வீடுகள் இருந்தன என்று பார்ப்பவர் கேட்பார், கேட்க வேண்டும். அச்சு எடுத்ததும் யாருக்கு வேதனை தருமோ அவர்களிடமே முதலில் காட்டிவிட்டு வெளியே அனுப்புங்கள்.

பலகையை வைத்துக்கொள்வது

செதுக்கிய பலகையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். மை மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, வெட்டுகளில் நின்றதைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுங்கள். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டவைத்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிக் கோணும். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி சட்டங்களுக்கு இடையே நிறுத்திவையுங்கள். ரப்பர் பலகை என்றால் மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது, மற்றப் பலகைகளிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.